பாதி நிரம்பி ஓடும் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது: மேன்ஹோல் மேலிருந்தே கணக்கிடும் வழி

மோட்டார் தள்ளுகிற குழாய் முழுக்க நிரம்பி ஓடும். அதற்கு மீட்டர் மாட்டலாம், பம்பின் திறனைப் பார்த்து ஊகிக்கலாம். பாதாள சாக்கடைக் குழாய் அப்படியல்ல. அதை யாரும் தள்ளுவதில்லை, வாட்டத்தில், அதாவது சரிவில், தானாக ஓடுகிறது. கீழே தண்ணீர், மேலே காற்று. காலை ஏழு மணிக்குப் பாதிக் குழாய் ஓடும், பின்னிரவில் கால் பங்குகூட இருக்காது. அதனால் "300 (மி.மீ. விட்டக்) குழாய் எத்தனை லிட்டர் இழுக்கும்?" என்று கேட்டால் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. எந்த வாட்டத்தில், எந்த ஆழத்தில் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

நான் டிப்ளமோ சிவில். கொங்குப் பக்கத்து ஊர்களில் பாதாள சாக்கடை வேலைகளில் சைட் சூப்பர்வைசராக இருந்தவன். கல்லூரியில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது ஆழம், சரிவு எல்லாம் கேள்வியிலேயே கொடுத்திருந்தார்கள். தெருவில் யாரும் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் அளந்து எடுக்க வேண்டும். ஆகவே சூத்திரத்தைவிட அளக்கிற வேலைக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன். கால்குலேட்டர் தட்ட ஐந்து நிமிடம் போதும்.

முதலில் ஒரு கண்டிப்பு. அளப்பதற்காக யாரும் மேன்ஹோலுக்குள் இறங்கக் கூடாது. நீங்களும் கூடாது, "நான் பழகினவன் சார், ஒரு நிமிஷம்" என்று லுங்கியை மடித்துக் கட்டுகிறவரும் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுத்தம் செய்ய இறங்கவில்லை, அளக்கத்தான் இறங்கினேன் என்றால் வாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் கீழே சொல்லும் எல்லாமே மூடியின் விளிம்பில் நின்றபடி செய்யக்கூடியவை. மூடியைக் கொக்கி போட்டுத் தூக்குங்கள். மேலும் கீழும் உள்ள அடுத்த மூடிகளையும் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, மீத்தேனும் சேர்ந்தே இருக்கும். வண்டிகள் வரும் பக்கம் தடுப்பு வைத்து ஓர் ஆளை நிறுத்துங்கள்.

ஓடுகிறதா, நிற்கிறதா

மூடியைத் திறந்ததும் டேப்பை எடுக்காதீர்கள். ஒரு காகிதத் துண்டையோ காய்ந்த இலையையோ போட்டுப் பாருங்கள். அது விறுவிறுவென்று போக வேண்டும். மந்தமாகச் சுற்றிக்கொண்டு நின்றால் கீழே எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது சாக்கடையை மேலே ஏற்றி அனுப்பும் உந்து நிலையத்தில் பம்பை ஓட்டாமல் கிணறு நிரம்பிக் குழாய்வழியே தண்ணீர் எதிர்த்து ஏறியிருக்கிறது. அந்த நிலையில் எடுக்கிற ஆழத்தைச் சூத்திரத்தில் போட்டால் பெரிய எண் ஒன்று வரும். அது முழுப் பொய்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் பார்த்த தப்புக் கணக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தவை. ஆழம் அதிகம், ஆகவே ஓட்டம் அதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆழம் அதிகமாக இருப்பதற்கு ஓட்டமே இல்லாததும் காரணமாக இருக்கலாம். நாம் போடப்போகிற சூத்திரம் ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: குழாயின் வாட்டம் எவ்வளவோ, தண்ணீர் மட்டத்தின் வாட்டமும் அவ்வளவே. அதாவது மேல் மேன்ஹோலிலும் கீழ் மேன்ஹோலிலும் தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் வேறு குழாய் எதுவும் வந்து சேரக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருக்கிற ஒரு துண்டை, அதாவது இரண்டு மேன்ஹோல்களுக்கு இடைப்பட்ட குழாயை, தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி.

மூன்று அளவுகள்

விட்டம், ஆழம், வாட்டம். இவ்வளவுதான் தேவை.

விட்டம் என்றால் உள்விட்டம். ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) குழாய் என்றால் 300 என்று சொல்வது உள்விட்டத்தையே. ஆனால் இப்போது சின்ன அளவுகளில் போடும் பழுப்பு நிற யு.பி.வி.சி. (பிளாஸ்டிக்) சாக்கடைக் குழாயில் 200 என்பது வெளிவிட்டம். உள்ளே 190 பக்கம்தான் இருக்கும். பத்து மில்லிமீட்டர்தானே என்று விடக் கூடாது. ஓட்டம் விட்டத்தின் 8/3 அடுக்கில் ஏறி இறங்கும். 200-க்குப் பதில் 190 என்றால் கொள்ளளவு 13 விழுக்காடு குறைகிறது.

ஆழத்துக்கு லெவலிங் ஸ்டாஃப் எனும் அளவுகோல் அல்லது மீட்டர் குறித்த ஒரு நேரான அலுமினியக் கம்பி போதும். மூடியின் விளிம்பில் ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து குழாயின் அடி, அதாவது இன்வர்ட் வரைக்கும் ஓர் அளவு, தண்ணீர் மட்டம் வரைக்கும் ஓர் அளவு. இரண்டின் வித்தியாசம் ஆழம். 300 மி.மீ. கான்கிரீட் குழாய் போட்ட ஒரு துண்டில் நான் எடுத்தது: இன்வர்ட் 1.730 மீட்டர், தண்ணீர் மட்டம் 1.625 மீட்டர். ஆழம் 0.105 மீட்டர், அதாவது 105 மி.மீ.

கம்பியைத் தண்ணீரில் விட்டால் ஓட்டம் அதில் மோதி முன்பக்கம் ஏறிக்கொள்ளும். ஆகவே கம்பியின் மெல்லிய விளிம்பு ஓட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். கம்பியில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு இறக்கினால் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். மூன்று முறை இறக்கி எடுத்து நடு அளவை எழுதுங்கள். குழாய் தண்ணீரைக் கீழே கொட்டுகிற விளிம்பில் அளக்காதீர்கள். விழப்போகிற தண்ணீர் அங்கே ஏற்கனவே மெலிந்திருக்கும். மேன்ஹோலின் அடியில் குழாயின் வளைவோடு சேர்த்துக் கட்டிய வாய்க்கால் ஒழுங்காக இருந்தால் அதன் நடுவில் அளக்கலாம். வாய்க்காலின் இருபக்கமும் சரிவாகப் பூசிய பெஞ்சிங் உடைந்து தண்ணீர் பரவிக் கிடந்தால் அந்த மேன்ஹோலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இந்த அளவில் 5 மி.மீ. பிசகினால் என்ன ஆகும்? குழாய் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓடும்போது ஓட்டம் ஏறத்தாழ ஆழத்தின் இருமடிப்படி மாறும். 105-இல் 5 என்பது 5 விழுக்காடு, விடையில் அது 10 விழுக்காடாகிவிடும். 200 குழாயில் 60 மி.மீ. ஓடும்போது அதே 5 மி.மீ. பிசகு விடையை 16 விழுக்காடு ஆட்டும். குழாய் சின்னதாகச் சின்னதாக அளவு துல்லியமாக இருந்தாக வேண்டும்.

வாட்டம். வரைபடத்தில் 250-க்கு 1 என்று போட்டிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் குழாய் பதிக்கிறபோது பக்கத்தில் நின்றதில்லை என்று அர்த்தம். எங்களோடு இருந்த மூத்த மேஸ்திரி ஒருவரிடம், "அண்ணே, இந்தத் துண்டுக்கு வாட்டம் வரைபடப்படிதானே போட்டீங்க?" என்று கேட்டேன். "தம்பி, பாறை வந்தா பைப்பு என்ன சொல்லுதோ அதுதான் வாட்டம்" என்றார். ஆகவே லெவல் எடுங்கள். ஆட்டோ லெவல் எனும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து இரண்டு மூடி விளிம்புகளின் மட்டத்தையும் எடுத்து, அதிலிருந்து இன்வர்ட் ஆழத்தைக் கழிக்க வேண்டும்:

மேல் மேன்ஹோல்: 99.150 − 1.730 = 97.420
கீழ் மேன்ஹோல்: 99.085 − 1.785 = 97.300
இடைத்தூரம்: 30 மீட்டர்
வாட்டம் = 0.120 ÷ 30 = 0.004

இங்கே வரைபடமும் தரையும் ஒத்துப்போனது, 250-க்கு 1. வாட்டத்தில் வரும் பிசகு ஆழத்தில் வருவது போல அவ்வளவு கடிக்காது. சூத்திரத்தில் அதற்கு வர்க்கமூலம் எடுப்பதால் 8 விழுக்காடு பிசகு விடையில் 4 விழுக்காடுதான். ஆட்டோ லெவல் இல்லாதவர்கள் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வைத்தே இரண்டு மூடிகளின் மட்ட வித்தியாசத்தை எடுத்துவிடலாம். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்போது கீழ் மேன்ஹோலின் தண்ணீர் ஆழத்தையும் எடுங்கள். அங்கேயும் 105-க்குப் பக்கத்தில் வந்தால் நிம்மதியாகக் கணக்குக்குப் போகலாம். 215 என்று வந்தால்? தண்ணீர் மட்டங்களைப் பாருங்கள்: மேலே 97.525, கீழே 97.515. முப்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறக்கம். குழாய் 250-க்கு 1 சரிகிறது, தண்ணீரோ 3000-க்கு 1 மட்டுமே சரிகிறது. குளம் போலக் கிடக்கிறது. மேல் ஆழத்தைப் போட்டால் விநாடிக்கு 16 லிட்டர், கீழ் ஆழத்தைப் போட்டால் 53 லிட்டர் என்று ஒரே குழாய்க்கு, ஒரே நிமிடத்தில், இரண்டு விடை வரும். இரண்டுமே வேண்டாம். பம்ப் ஓடிக் கிணறு இறங்கும்வரை காத்திருந்து திரும்பவும் அளங்கள்.

கணக்கு

வட்டக் குழாயில் ஓரளவு தண்ணீர் நிற்கும்போது அதன் குறுக்குவெட்டு ஒரு வட்டத்துண்டு. தண்ணீர் மட்டத்தின் இரு முனைகளையும் குழாயின் மையத்தோடு சேர்த்தால் ஒரு கோணம் கிடைக்கும். அந்தக் கோணம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

கோணம் = 2 × தலைகீழ் கொசைன் (1 − 2 × ஆழம் ÷ விட்டம்)
பரப்பு = விட்டம்² ÷ 8 × (கோணம் − சைன் கோணம்)
நனைந்த சுற்றளவு = விட்டம் × கோணம் ÷ 2
நீரியல் ஆரம் = பரப்பு ÷ நனைந்த சுற்றளவு
வேகம் = (நீரியல் ஆரம்)^(2/3) × √வாட்டம் ÷ சொரசொரப்பு எண்
ஓட்டம் = பரப்பு × வேகம்

நீளமெல்லாம் மீட்டரில், கோணம் ரேடியனில். கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் இங்கேயே கவிழ்ந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று காட்டும். 300 மி.மீ. குழாயின் முழுப் பரப்பே 0.0707 சதுர மீட்டர்தான். விடை அதற்கு மேலே போனால் ரேடியனுக்கு மாற்றுங்கள். எக்செல்லில் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ரேடியனிலேயே கணக்கிடும்.

இப்போது எண்களைப் போடுவோம். விட்டம் 0.3, ஆழம் 0.105, வாட்டம் 0.004. கான்கிரீட் குழாய்க்கு வழக்கமாக எடுக்கும் சொரசொரப்பு எண் 0.013.

ஆழம் ÷ விட்டம் = 0.35. 1 − 0.7 = 0.3. இதன் தலைகீழ் கொசைன் 1.2661, ஆகவே கோணம் 2.532 ரேடியன். அதன் சைன் 0.572.
பரப்பு = 0.09 ÷ 8 × (2.532 − 0.572) = 0.02205 சதுர மீட்டர்.
நனைந்த சுற்றளவு = 0.3 × 2.532 ÷ 2 = 0.380 மீட்டர்.
நீரியல் ஆரம் = 0.0580 மீட்டர். அதன் 2/3 அடுக்கு 0.1499.
வேகம் = 0.1499 × 0.0632 ÷ 0.013 = விநாடிக்கு 0.73 மீட்டர்.
ஓட்டம் = 0.02205 × 0.73 = 0.0161 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 16.1 லிட்டர்.

நீரியல் ஆரம் என்ற பெயரைப் பார்த்துக் குழாயின் ஆரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் எவ்வளவு பங்கு சுவரில் உரசுகிறது என்பதற்கான அளவு அது. உரசல் குறைந்தால் ஆரம் பெரிதாகும், வேகம் கூடும்.

அந்த 0.013 எங்கிருந்து வந்தது

வேகத்துக்கான சூத்திரத்துக்கு மேனிங் சூத்திரம் என்று பெயர். ராபர்ட் மேனிங் அயர்லாந்தின் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். 1889-இல் டப்ளினில் பொறியாளர்கள் கூட்டத்தில் இதை முன்வைத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் கோக்ளே என்பவர் இதே வடிவத்தைச் சொல்லியிருந்தார். இதில் எனக்குப் பிடித்தது, மேனிங் முறையாகப் பொறியியல் படித்தவரே அல்ல, கணக்கு எழுதும் வேலையிலிருந்து வடிகால் வேலைக்கு வந்தவர் என்பது. இன்னொன்று, இந்தச் சூத்திரம் அவருக்கே திருப்தி தரவில்லை. அலகுகள் இருபக்கமும் பொருந்தவில்லை, கன மூலம் எடுப்பது வேறு தொல்லை என்று நினைத்தார், வேறொரு சூத்திரத்தைச் சிபாரிசு செய்தார். உலகம் அதை மறந்துவிட்டு இதை வைத்துக்கொண்டது.

சொரசொரப்பு எண் என்பது அளக்கிற எண் அல்ல, அனுபவத்தில் வைக்கிற எண். பிளாஸ்டிக் குழாய்க்கு 0.011, நல்ல நிலையிலுள்ள ஸ்டோன்வேருக்கு (சுட்ட களிமண் குழாய்) 0.012, கான்கிரீட்டுக்கு 0.013 என்று வைப்பது வழக்கம். புதுக் குழாய்க்கு இது சரி. பத்து வருடம் சாக்கடை ஓடிய குழாயில் சுவரெல்லாம் வழவழப்பாகப் படிந்து, இணைப்புகளில் கொழுப்பு ஒட்டி, ஓட்டல் தெருவாக இருந்தால் எண்ணெய்க் கட்டி வேறு தொங்கும். அங்கே பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய் முழுதாக ஓடும்போது இருக்கும் சொரசொரப்பு எண் பாதியாக ஓடும்போது அப்படியே இருப்பதில்லை. கால் பங்கிலிருந்து பாதி வரையிலான ஆழங்களில் அது கால் பங்குக்கும் மேலாகக்கூடக் கூடலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் கேம்ப் 1946-இல் காட்டினார். அவர் சொன்னபடி எடுத்தால் நம் 16.1 லிட்டர் 12.6 ஆகச் சுருங்கும். அவர் கணக்கில், பாதி நிரம்பிய குழாய் முழுக் கொள்ளளவில் பாதியை அல்ல, சுமார் 40 விழுக்காட்டைத்தான் கொண்டுபோகும். எது சரி என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பதைவிட ஒரு பந்தை விட்டுப் பார்ப்பது மேல்.

பந்து விட்டுப் பார்ப்பது

பிங்பாங் பந்து ஒன்றை மேல் மேன்ஹோலில் போட வேண்டும். கீழ் மேன்ஹோலில் நீளக் கழியில் வலை கட்டிய ஆள் நிற்க வேண்டும். போட்டதும் போன் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், கீழே தலைகாட்டியதும் நிறுத்துங்கள். நாலைந்து தடவை செய்யுங்கள். ஒன்றிரண்டு பந்து உள்ளே எங்காவது சிக்கிக்கொள்ளும், அதை மறந்துவிடுங்கள். பந்து கிடைக்காவிட்டால் ஆரஞ்சுத் தோல் போதும், நிறம் பளிச்சென்று தெரியும்.

நம் துண்டில் 30 மீட்டரைக் கடக்க 41 விநாடி ஆனது. மேல்மட்ட வேகம் 0.73. ஆனால் மேல்மட்டத் தண்ணீர் அடித் தண்ணீரைவிட வேகமாகப் போகும், ஆகவே சராசரிக்கு 0.85-ஆல் பெருக்குவது வழக்கம்: 0.62. இதைப் பரப்பான 0.02205-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 13.7 லிட்டர். இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

பந்து தந்த வேகத்தைச் சூத்திரத்தில் பின்னோக்கிப் போட்டால் சொரசொரப்பு எண் 0.015 என்று வருகிறது. இனி இந்தத் துண்டில், இதை ஒட்டிய ஆழங்களில், எந்த நாள் ஆழம் எடுத்தாலும் 0.015 போட்டுக் கணக்கிட்டால் போதும், பந்து விட வேண்டிய அவசியமில்லை. ஒரு குழாய்க்கு அதன் சொந்த எண்ணை இப்படிக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். பட்டியலில் உள்ள எண் பொது எண், இது நம் தெருவின் எண்.

அடியில் மண் இருந்தால்

கம்பியை இறக்கும்போது அடியில் கிணுங்கென்று தட்ட வேண்டும். மெத்தென்று இறங்கினால் மண் படிந்திருக்கிறது. அப்போது மண்ணின் மேல்மட்டத்தையும் தனியாக அளக்க வேண்டும். தண்ணீர் மட்டம் அதே 105 மி.மீ., அடியில் 30 மி.மீ. மண் என்று வைத்துக்கொள்வோம். 105-க்கான பரப்பிலிருந்து 30-க்கான பரப்பைக் கழிக்க வேண்டும்: 0.02205 − 0.00368 = 0.01837. நனைந்த சுற்றளவில் 30-க்கான வில்லை (0.193) நீக்கிவிட்டு மண்ணின் மேல் அகலத்தை (0.180) சேர்க்க வேண்டும்: 0.367. 0.013-ஐயே வைத்துப் பார்த்தாலும் ஓட்டம் 16.1-லிருந்து 12.1-க்கு இறங்கிவிடுகிறது. மூன்று சென்டிமீட்டர் மண் கால் பங்கைத் தின்றுவிட்டது. மண்ணின் சொரசொரப்பைச் சேர்த்தால் இன்னும் குறையும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட்டிங் வண்டி வைத்துக் கழுவிய மறுநாள் அளப்பதே புத்திசாலித்தனம்.

தினமும் கோணம் போடாமல் இருக்க

முழுக் குழாயின் ஓட்டத்தை ஒரு தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் மற்ற ஆழங்களுக்கு விகிதத்தால் பெருக்கினால் போதும். இந்த விகிதங்கள் எந்த வட்டக் குழாய்க்கும் பொருந்தும். சொரசொரப்பு எண் மாறாது என்று வைத்துப் போட்டவை இவை.

ஆழம் ÷ விட்டம் | ஓட்டத்தின் விகிதம் | வேகத்தின் விகிதம்
0.10 | 0.021 | 0.40
0.20 | 0.088 | 0.62
0.25 | 0.137 | 0.70
0.30 | 0.196 | 0.78
0.40 | 0.337 | 0.90
0.50 | 0.500 | 1.00
0.60 | 0.672 | 1.07
0.70 | 0.837 | 1.12
0.80 | 0.978 | 1.14
0.94 | 1.076 | 1.10
1.00 | 1.000 | 1.00

நம் குழாயின் முழு ஓட்டம் 0.013 வைத்தால் விநாடிக்கு 61.2 லிட்டர். 0.015 வைத்தால் 53. இந்த எண்ணை ஒரு பக்கத்தில் எழுதி நோட்டில் ஒட்டிக்கொண்டால் சைட்டில் கால்குலேட்டர்கூடப் பெருக்கலுக்கு மட்டும்தான்.

பட்டியலின் கடைசி வரிகளைப் பாருங்கள். குழாய் முழுதாக நிரம்பும்போது ஓடுவதைவிட 94 விழுக்காடு நிரம்பும்போது கூடுதலாக ஓடுகிறது. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. மேலே வளைவு குறுகுகிறது. கடைசிச் சில சென்டிமீட்டரில் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் சொற்பம், உரசுவதற்குச் சேரும் சுவரோ அதிகம். இதனால் ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. 0.82-க்கு மேலே ஒரே ஓட்டத்துக்கு இரண்டு ஆழங்கள் பொருந்தும். ஆகவே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஓடும் குழாயில் ஆழத்தை வைத்து ஓட்டம் சொல்லாதீர்கள். வடிவமைப்பிலும் உச்ச ஓட்டத்தை 0.8-க்குள் வைப்பதுதான் நம் நாட்டு முறை, மேலே காற்றுக்கு இடம் வேண்டும்.

ஓட்டம் தெரியும், ஆழம் வேண்டும் என்றால் நேர் சூத்திரம் கிடையாது. 40 லிட்டர் இந்தக் குழாயில் எவ்வளவு உயரம் ஏறும்? 0.013 வைத்தால் 40 ÷ 61.2 = 0.65. பட்டியலில் 0.5-க்கும் 0.672-க்கும் நடுவே, ஆழ விகிதம் 0.59 பக்கம், அதாவது சுமார் 177 மி.மீ. அவ்வளவுதான்.

சின்னக் குழாய்களுக்கு, அதாவது வீட்டு 110 குழாய், மொட்டைமாடித் தண்ணீர், தோட்டத்தில் தொட்டிக்கு விழும் குழாய் போன்றவற்றுக்கு, இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். முனை திறந்திருந்தால் 20 லிட்டர் பெயிண்ட் வாளியைப் பிடித்து நிரம்பும் நேரத்தை எடுங்கள். எந்தச் சூத்திரமும் அந்த வாளிக்கு ஈடாகாது.

வந்த விடை நம்பும்படியாக இருக்கிறதா

ஆட்களை எண்ணிப் பாருங்கள். நகரத்தில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு வரும் என்பது வடிவமைப்புக் கணக்கு: 108 லிட்டர். அந்தத் துண்டுக்கு மேலே 4,000 பேர் என்றால் நாளுக்கு 4,32,000 லிட்டர், சராசரி விநாடிக்கு 5 லிட்டர். 20,000 பேர் வரைக்கும் உச்சத்துக்கு மூன்று மடங்கு எடுப்பார்கள்: 15 லிட்டர். காலை நேரத்தில் நாம் எடுத்த 13.7 இதோடு ஒத்துப்போகிறது. 40 என்று வந்திருந்தால் அளவில் தப்பு, அல்லது யாரோ மழைநீரையோ பட்டறைத் தண்ணீரையோ இணைத்திருக்கிறார்கள். மழை நாளில் மட்டும் எகிறினால் மொட்டைமாடிக் குழாய்கள் சாக்கடையில் சேர்ந்திருக்கின்றன. மழை இல்லாத நாளில், எல்லோரும் தூங்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் ஓட்டம் கணிசமாக இருந்தால் நிலத்தடி நீர் இணைப்புகள் வழியாக உள்ளே கசிகிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் குடிநீர் விடும் ஊர்களில் தண்ணீர் விட்ட நாளின் அளவும் விடாத நாளின் அளவும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் எடுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். மண் படியாமல் தன்னைத்தானே கழுவிக்கொள்ள ஆரம்பகால உச்ச ஓட்டத்தில் குறைந்தது 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்பது மத்திய அரசின் பாதாள சாக்கடை வழிகாட்டி நூலின் கணக்கு, முழு மக்கள்தொகை வந்தபின் 0.8. அதிகபட்சம் 3. நம் குழாய் காலையில் 0.62-இல் தட்டுத்தடுமாறிப் பாஸாகிறது. பின்னிரவில் 40 மி.மீ. ஆழம் ஓடும்போது விநாடிக்கு 2 லிட்டர்தான், வேகம் 0.36. அந்த நேரத்தில் மண் படிகிறது, காலையில் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகிறது.

இந்த மாதிரி ஒரு தெருவில்தான் அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருவர் 120 வீடுகளுக்கு இணைப்புக் கேட்டு வந்தார். வீட்டுக்கு நாலரை பேர் என்றால் 540 பேர், உச்சத்தில் விநாடிக்கு 2 லிட்டர். குழாய் 0.8 ஆழத்தில் 52 லிட்டர் தாங்கும், இப்போது ஓடுவது 14. தாராளமாகக் கொடுக்கலாம் என்று தோன்றும். நான் எழுதிக் கொடுத்தது: இந்தத் துண்டில் இடம் இருக்கிறது, ஆனால் உந்து நிலையக் கிணறு நிரம்பும் நேரத்தில் கீழ் மேன்ஹோலில் ஆழம் 215 வரை ஏறுகிறது, ஆகவே பம்ப் ஓடும் நேரத்தைச் சரிசெய்தபின் இணைப்புக் கொடுக்கவும். கூடவே அளந்த தேதி, மணி, அன்று குடிநீர் விட்ட நாளா இல்லையா, முந்தைய மழை எப்போது, ஓட்டம் விநாடிக்கு 12-லிருந்து 15 லிட்டர் வரை.